எல்லோரும் சம்மதித்ததாக நான் எழுதினேன்

பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அடி வாங்கியதில்லை என்று நான் சொன்னால் என் வயதுக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. எந்த வாத்தியார் எந்த விரல் முட்டியைப் பார்த்து அடிப்பார் என்பதை நீங்களெல்லாம் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்காக நான் சொகுசாகப் படித்துவிட்டு வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் நான் ஒரு தப்புச் செய்தேன். வேறு பள்ளியாக இருந்தால் நாலு அடியோடு முடிந்திருக்கும். எங்கள் பள்ளியில் அது ஒரு மழைக்காலம் முழுக்க என்னைப் போட்டு எடுத்தது.

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல்களைத் தரம் பிரிப்பவர். பதனிட்டு வந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, முதல் தரம், இரண்டாம் தரம், தேறாது என்று சொல்லிவிடுவார். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்த கோடும் உண்ணி கடித்த புள்ளியும் அவர் கைக்குத் தெரியும். என்னைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போன அன்று, அந்தக் காலத்து எல்லா அப்பாக்களும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"கண்ணு ரெண்டை விட்டுட்டு தோலை உரிச்சிடுங்கம்மா. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

தலைமையாசிரியை சிரிக்காமல் பதில் சொன்னார். "தோல் வேலையெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க. இங்க அது கிடையாது."

அப்பா வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் கவலை வந்துவிட்டது. "அடிக்காத ஸ்கூல்ல புள்ளைங்க எப்படிப் படிக்கும்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வேலூரில் நர்ஸ் வேலைக்குப் படித்தபோது அந்தப் பள்ளியைத் தொடங்கிய வெள்ளைக்காரத் தம்பதியை அறிந்தவள். "படிக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்தத் தம்பதி குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தங்களை 'நண்பர்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம். நான் சேர்வதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து அவர்களிடம் வளர்ந்து படித்த பெண்தான் எங்கள் தலைமையாசிரியை. அவரை நாங்கள் டீச்சர் என்றோ மேடம் என்றோ கூப்பிட்டதில்லை. பெரியக்கா. மற்ற ஆசிரியர்களும் அக்கா, அண்ணன்தான். பெரியக்காவும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பார். நாங்கள் சாப்பாட்டு வரிசையில் அவருக்கு முன்னால் நின்றால் முன்னால்தான். யாரும் விலகி வழிவிட வேண்டியதில்லை.

ஊரில் எங்கள் பள்ளிக்கு 'ஊமைப் பள்ளிக்கூடம்' என்று பெயர். காரணம் காலை மௌனம். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகையில் கோரைப் பாய் விரித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி நாலு பக்கமும் உட்காருவோம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. சர்ச்சுப் பிள்ளைகள், தர்காவுக்குப் போகிறவர்கள், திருநீறு பூசியவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கால் மணி நேரம் பேசாமல் இருப்போம். யாருக்காவது உள்ளேயிருந்து உண்மையாக ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லலாம். முடிவில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். அவ்வளவுதான் வழிபாடு.

"ஜெபம்னா வாயைத் தொறக்கணும்ல?" என்பார் அப்பா.

அந்தக் கால் மணி நேரத்தில் நான் கடவுளைக் கண்டேனா என்று கேட்காதீர்கள். முதல் ஒரு வருஷம் எனக்குக் கேட்டதெல்லாம் ரயிலும், ஹைவேயில் லாரிகள் கியர் மாற்றுகிற சத்தமும், பக்கத்துப் பெண்ணின் வயிறு உருளுவதும்தான். காற்று திரும்பினால் டேனரி வாசம் வரும். சுண்ணாம்பும் ஊறிய தோலும் பதனிடும் மரப்பட்டையும் கலந்த அந்த வாசம் எங்கள் சட்டையிலேயே இருந்ததால் யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டோம். ஆனால் கை குலுக்குவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை ஒருவர் குடிக்காத தெருக்கள் இருந்தன. அந்தத் தெருப் பிள்ளைகளின் கைகள் அங்கே தினமும் ஒரு தடவை சேர்ந்தன. வியர்த்த கை, சொரசொர கை, மருதாணிக் கை. இன்றைக்கும் ஒரு கையைத் தொட்டால் ஆள் பயந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தபோது அது உதவியது.

ரேங்க் கார்டு கிடையாது. அப்பாவுக்கு அது தீராத குறை. "முதலா, ரெண்டாவதா, தேறாததா? ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல? நான் இன்னான்னு தெரிஞ்சிக்கிறது?" என்று என் மார்க் காகிதத்தைத் தோல் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

சத்தியம் செய்வதும் கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். அம்மா மேல், பைபிள் மேல், குரான் மேல், எதுவும் இல்லாவிட்டால் சோத்து மேலாவது சத்தியம் அடித்துத்தான் எங்களுக்குப் பேச்சே வரும். பெரியக்கா ஒருநாள் என்னைக் கேட்டார்: "சத்தியம் பண்ணாத்தான் நெஜம்னா, பண்ணாம பேசுறதெல்லாம் இன்னா?"

இனி அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எங்கள் மௌனத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆயிரம் பேர் முறத்தில் கல் புடைப்பது மாதிரி இருக்கும். ஏழெட்டு இடத்தில் ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் அலுமினியக் குண்டான் வைத்து அதைச் சுற்றி உட்காருவோம். அப்போதுதான் அப்பா வேலை செய்த டேனரியின் முதலாளி, பள்ளிக்குத் தன் செலவில் ஒரு ஹால் கட்டித் தருவதாகச் சொன்னார். காங்கிரீட் கூரை, ஃபேன், மொசைக் தரை. வாசலில் அவருடைய தகப்பனார் பெயர் இருக்கும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

எங்கள் பள்ளியில் பெரிய விஷயங்களைப் பிள்ளைகளின் கூட்டத்திலும் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். அதில் ஓட்டுப் போடுவது இல்லை. ஓட்டுப் போட்டால் தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டாகிவிடுமாம். எல்லோரும் ஒப்புக்கொள்கிற வரை பேச வேண்டும், சூடு ஏறினால் சும்மா உட்கார வேண்டும், மறுபடி பேச வேண்டும். கடைசியில் கூட்டத்தின் எழுத்தர் முடிவை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி அங்கேயே உரக்கப் படிப்பார். தப்பு என்று நினைக்கிறவர் எழுந்து நிற்கலாம். யாரும் எழாவிட்டால் அதுதான் தீர்மானம். அந்த வருஷம் எழுத்தர் நான். பன்னிரண்டு வயதில் எனக்கு வந்த அந்தப் பதவியை நான் கலெக்டர் உத்தியோகம் மாதிரி வைத்திருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை ஹால் விஷயம் வந்தது. எல்லோரும் கை தட்டாத குறை. நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பாலாற்றங்கரைத் தெருவிலிருந்து வருபவள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

"எனக்கு வேணாம்" என்றாள்.

"ஏம்மா?" என்று கேட்டார் பெரியக்கா.

"வேணாம்."

சிறிது நேரம் சும்மா உட்கார்ந்தோம். மறுபடி கேட்டார். அதே பதில். கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த வாரமும் அவள் எழுந்தாள். அதற்கடுத்த வாரமும்.

பிள்ளைகள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். திமிர், ரொம்ப ஜாஸ்தி, இவளுக்கு மட்டும் மழை நனைக்காதா. எனக்கு வேறு ஒரு நெருக்கடி. ஒருநாள் அப்பா சட்டையைக் கழற்றி மாட்டும்போதே சொன்னார், "ஓனர் கேக்குறாரும்மா. 'உங்க பொண்ணுதான் எழுதுறாளாமே, இன்னும் இன்னா லேட்டு?'ன்னு. நான் இன்னான்னு சொல்றது? சீக்கிரம் முடிங்க."

முதலாளி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் கரைத்தெருப் பெண்ணைக் கிணற்றடியில் பிடித்தேன். "உனக்கு இன்னாதான் வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க்கா. அதைத்தானே சொல்றேன்."

"காரணம் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "சொல்ல மாட்டேங்க்கா" என்று போய்விட்டாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஆறாம் வகுப்பு வரிசையில் அவள் உட்காரும் இடத்தில் பாய் காலியாகத் தெரிந்தது. பெரியக்கா, "எல்லாரும் வந்தாச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "வந்தாச்சுக்கா" என்றேன். 'ஹால் கட்டிக்கொள்ள எல்லோரும் சம்மதித்தோம்' என்று எழுதி, உரக்கப் படித்தேன். யாரும் எழவில்லை. எழ வேண்டியவள் வீட்டில் போர்வைக்குள் கிடந்தாள்.

மறுநாளே இரண்டு லாரி செங்கல் வந்து வாசலில் இறங்கியது. ஈரச் செங்கல்லின் வாசமும், நாங்கள் அதன்மேல் ஏறிக் குதித்ததும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா அன்றைக்கு ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பிரியாணி வாங்கிவந்தார். நான் சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. பொய் சொன்னவளுக்குச் சோறு இறங்காது என்பதெல்லாம் கதையில்தான்.

அவள் திங்கட்கிழமை வந்தாள். காய்ச்சலில் முகம் சிறுத்திருந்தது. செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மௌனம் முடிந்து கை குலுக்கும் நேரம். கையை நீட்டமாட்டாள் என்று நினைத்தேன். நீட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டே என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "நான் எப்பக்கா சரின்னு சொன்னேன்?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். காய்ச்சலில் கிடந்தபோது தன்னை அறியாமல் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவள் மாதிரி கேட்டாள்.

அதன் பிறகு இரண்டு நாள் காலை மௌனம் எனக்கு நரகமாக இருந்தது. அதுவரை ரயிலும் லாரியும் கேட்ட இடத்தில் இப்போது அவளுடைய கேள்வியைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. பிரம்போடு யாராவது வந்து நின்றிருந்தால் 'இல்லை' என்று சாதித்திருப்பேன். சாதிப்பதற்கு எதிரில் ஆளே இல்லை. மூன்றாம் நாள், எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் எழுதினது பொய். அன்னைக்கு எல்லாரும் வரல. எனக்குத் தெரிஞ்சேதான் எழுதினேன்."

உட்கார்ந்தேன். மழை இல்லை. பிறகு பெரியக்கா எழுந்தார். என்னைத்தான் சொல்லப்போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அந்த எடம் காலியா இருந்ததை நானும் பாத்தேன்" என்றார். "எனக்கும் ஹால் வேணும்னு ஆசை. ஓனர்கிட்ட ஏற்கனவே பாதி சரின்னு சொல்லிட்டேன். அதனாலதான் இவகிட்ட கேட்டுட்டு, திரும்பி எண்ணிப் பாக்கல. தப்பு என்னோடதும்தான்."

பெரியவர் ஒருவர் பிள்ளைகள் முன்னால் தன் தப்பைச் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த வயதில் எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியக்கா தப்பே செய்யாதவர் என்று நம்பியிருந்தேன். அவர் கொஞ்சம் சின்னவராகிவிட்டது போலிருந்தது. அன்றைக்கு அவருக்கிருந்த வயதையும் தாண்டிவிட்ட இப்போதுதான், அப்படி எழுந்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது.

அவர் உட்கார்ந்ததும் கரைத்தெருப் பெண் எழுந்தாள்.

"எங்க தெரு கெணத்துல தண்ணி டீ கலர்ல வருது. எங்க தம்பிக்குக் காலெல்லாம் புண்ணு. டேனரித் தண்ணி எறங்கித்தான் கெணறு போச்சுன்னு எங்கப்பா ஓனர்கிட்ட கேட்டாரு. கேட்டதுக்கு, நாளையிலருந்து வேலைக்கு வராதன்னுட்டாங்க. அவரு ஹால்ல உக்காந்து நான் எப்படி சும்மா இருக்கிறது?"

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார் பெரியக்கா.

அவள் என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க பாதி பேரோட அப்பா அங்கதான் வேலை செய்றாங்க. நான் பேசி, அதை அவங்க வீட்ல போய்ப் பேசி, அவங்களையும் வராதன்னுட்டா?"

நாங்கள் திமிர் என்று நினைத்தது இதைத்தான்.

அன்று மதியமே பெரியக்கா டேனரிக்கு நடந்து போய் முதலாளியிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை முதலாளியே பள்ளிக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து மௌனம் முடியும்வரை இருந்தார். கத்துவார் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் கத்துகிற மனிதர் இல்லை. குரலில் வருத்தம்தான் இருந்தது.

"ஒரு சின்னப் புள்ளை சொல்லுதுன்னு இவ்ளோ பெரிய காரியத்தை நிறுத்துறீங்களே?"

"நிறுத்தலைங்க. அந்தப் புள்ளை சம்மதிச்சாத்தான் ஆரம்பமே" என்றார் பெரியக்கா.

"நான் ஒருத்தன்தான் தண்ணி விடுறேனா? ஆத்தோரம் பூரா டேனரி."

யாரும் கேட்காமலே கரைத்தெருப் பெண் பதில் சொன்னாள். "எங்க கெணத்தாண்ட நீங்கதான் இருக்கீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். மாலையில் லாரி வந்து செங்கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஹாலை அவர் ஊரின் வேறொரு பள்ளிக்குக் கட்டிக் கொடுத்தார். நல்ல ஹால்தான். பிற்பாடு என் கல்யாண வரவேற்பே அங்குதான் நடந்தது.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. "அந்த ஸ்கூல்ல சேத்ததே தப்பு" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், "எங்க இருக்குது அந்தக் கெணறு?" என்று கேட்டார். அழைத்துப் போனேன். வாளியில் எடுத்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "தேறாது" என்றார். முதலாளியிடம் அவர் எதுவும் கேட்கவில்லை, வேலையை விடவும் இல்லை. வெகுநாள் அது எனக்கு அவர்மேல் மனத்தாங்கலாக இருந்தது. இப்போது இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாடு அந்த உள்ளங்கையிலிருந்துதான் வந்தது. அவரை முதலாளியும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு விஷயம் கூட்டத்தில் இருந்தது. பள்ளிக் கிணற்றில் கரைத்தெருக்காரர்கள் தண்ணீர் எடுக்கலாமா என்பது ஒன்று. ஒரு சின்னப் பையன், அவர்கள் வந்தால் ராட்டினம் கிறீச்சிட்டு மௌனம் கெட்டுப்போகுமே என்று எழுந்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். "பரவால்ல, எண்ணெய் போட்டுக்கலாம்" என்று உட்கார்ந்தான். அது ஒரே கூட்டத்தில் முடிந்தது. அதற்கப்புறம் பல வருஷம், காலை மௌனத்தில் குடங்கள் இடிபடுகிற சத்தமும் பெண்கள் அடக்கிப் பேசுகிற சத்தமும் எங்களுக்குப் பழகிப்போயின.

மற்றது ஹால். நோட்டை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். பெரியக்கா அதை என்னிடமே நீட்டினார்.

"பழைய பக்கத்தைக் கிழிச்சிடட்டுமாக்கா?"

"வேணாம். நடந்தது நடந்ததுதானே? அடுத்த பக்கத்துல எழுது."

எழுதினேன். முத்து முத்தாக. எழுந்து நின்று படித்தேன்: "ஒருத்தி மட்டும் சம்மதிக்காததால் ஹால் வேண்டாம் என்று முடிவு செய்தோம்."

கரைத்தெருப் பெண் எழுந்தாள். இன்னும் என்ன என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த 'மட்டும்' வேணாங்க்கா" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு அந்தச் சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடியும் படித்தேன்.

"ஒருத்தி சம்மதிக்காததால் ஹால் வேண்டாம் என்று முடிவு செய்தோம்."

வரிசை வரிசையாகப் பார்த்தேன். யாரும் எழவில்லை.